குடியரசுத் தலைவர் எத்தனை மணிக்குக் காபி குடித்தார்?

பழைய காகிதம் தேடுகிற வேலையில் பாதி நேரம் காத்திருப்பது, மீதி நேரம் தும்முவது. பட்டா நகலுக்கோ பிறப்புச் சான்றிதழுக்கோ அலைந்து, "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு பஸ் ஏறிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியானால் நீங்களும் நானும் சொந்தக்காரர்கள். ஒரே வித்தியாசம், நீங்கள் உங்கள் காகிதத்தைத் தேடினீர்கள். நான் பத்து வருஷமாக ஒரு குடியரசுத் தலைவருடைய காகிதத்தைத் தேடினேன். எந்தத் தலைவர் என்று கேட்காதீர்கள், அதைச் சொல்லப்போவதில்லை. நான் பிறப்பதற்கு முன்னால் டெல்லி மாளிகையில் இருந்தவர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைத்த விதம்

வேலூரிலிருந்து எங்கள் திருவண்ணாமலை மாவட்டம் பிரிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எம்.ஏ. வரலாறு முடித்து, டைப்ரைட்டிங்கில் இரண்டு மொழியிலும் ஹையர் பாஸ் பண்ணி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, செங்கம் ரோட்டில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் தங்கள் கடிதங்களைக் கொண்டுவருவார்கள். அப்படி வந்தவர்தான் பேராசிரியர் இங்க்ரிட். ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் தியானத்துக்கு வந்தால் இவர் மட்டும் ஒரு பெட்டி நிறையக் குறிப்புகளோடு, மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு புத்தகம் எழுத வந்திருந்தார். வீட்டுக்காரம்மா அவரை "இங்கிரீட்டம்மா" என்று கூப்பிடுவார். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

என் டைப்பிங்கில் தப்பு இல்லை என்பதைவிட, அவர் எழுதியதில் இருந்த ஒரு தப்பை நான் திருத்தியிருந்தேன் என்பதுதான் அவருக்குப் பிடித்தது. ஒரு வைஸ்ராயின் பெயரை மாற்றி எழுதியிருந்தார். மறுநாளே என்னைத் தன்னோடு வேலைக்குக் கூப்பிட்டார். அந்தத் தலைவர் தினமும் எத்தனை மணிக்கு எழுந்தார், யாரைப் பார்த்தார், எந்த நாட்டுத் தூதரோடு எவ்வளவு நேரம் பேசினார், எல்லாவற்றையும் அரசாங்கக் காப்பகங்களில் தேடி எடுக்க வேண்டும். "ஒப்பந்தங்கள் கையெழுத்தான கதையை நிறையப் பேர் எழுதியாச்சு. கையெழுத்துப் போடுற மனசு எப்ப வந்ததுன்னு யாரும் எழுதல. அது ஏதாவது சாதாரண சாயங்காலத்துலதான் வந்திருக்கும்," என்றார். நாங்கள் பேசியது இங்கிலீஷில். இங்கே தமிழில் தருகிறேன்.

வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா அப்போதுதான் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எம்.ஏ. படிச்சது, அந்தாளு எத்தனை மணிக்கு காபி குடிச்சாருனு எழுதறதுக்காம்மா?"

ஒன்றும் ஏழும்

முதல் தடவை சென்னைக் காப்பகத்துக்குப் போனபோது, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, புது இங்க் பேனா ஒன்றையும் வாங்கிக்கொண்டு போனேன். பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். உள்ளே பென்சில்தான். மை கொட்டினால் நூறு வருஷத்துக் காகிதம் பாழாகிவிடும் என்பது நியாயம்தான். வெளியே போய் இரண்டு பென்சில் வாங்கி வந்தேன். ஷார்ப்னர் வாங்க மறந்துவிட்டேன். சாயங்காலம் வரை மொண்ணைப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன். அதனால் ஒன்றும் நஷ்டமில்லை, எழுதுவதற்கு ஃபைலே வரவில்லை.

அங்கே எது வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போட வேண்டும். உள்ளே போன சீட்டு ஒரு நாள் கழித்துத் திரும்பி வரும். பின்பக்கத்தில் "பைண்டிங்கில் உள்ளது" என்றோ, "துறையிலிருந்து வரவில்லை" என்றோ, "இந்த எண்ணில் இல்லை" என்றோ எழுதியிருக்கும். நாலாவது நாள் உண்மையிலேயே ஒரு கட்டு வந்தது. ஆவலோடு பிரித்தால், ஏதோ ஒரு தாலுகாவில் தெரு மாடுகளை அடைக்கும் பட்டிக்குக் கூரை போடுவது பற்றிய ஃபைல். நான் எழுதிய ஒன்று அவர்களுக்கு ஏழாகத் தெரிந்திருக்கிறது. உடனே திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்ததால், மாட்டுப் பட்டி ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். கடைசியில் கூரை போட்டார்களா என்பது அதில் இல்லை.

கவுன்டரில் இருந்தவரிடம், இது குடியரசுத் தலைவர் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி, கொஞ்சம் சீக்கிரம் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "தலைவரே நேர்ல வந்தாலும் சீட்டு எழுதித்தாம்மா கேக்கணும். ஒண்ணை ஒண்ணு மாதிரி எழுதச் சொல்லுங்க."

நாற்காலி ராஜதந்திரம்

இங்கிரீட்டம்மா எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தத் தலைவர், வெளிநாட்டுத் தலைவர் ஒருவரை விருந்தாளியாக அழைத்துக்கொண்டு ஒரே ஒரு நாள் திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறார். அந்த வருகையின் ஃபைல், மாவட்டம் பிரிந்தபோது வேலூரிலிருந்து லாரியில் வந்த கட்டுகளோடு வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் கிடந்தது. அங்கே கிளார்க் தணிகாசலம். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு மனுஷன் ஆறு நாள் தேடி எடுத்துக் கொடுத்தார். எங்கள் அனுமதிக் கடிதத்தை அவர் ஒரு தடவைதான் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது.

ஃபைலில் உலக அரசியல் பற்றி ஒரு வரி இல்லை. எத்தனை இளநீர், பாம்பு பிடிக்கிறவரை எங்கே நிறுத்துவது, பயணியர் மாளிகைக் கழிவறைக்குப் புதுக் கதவு எப்போது வரும், இவைதான். எல்லாவற்றையும்விடத் தடிமனான பகுதி நாற்காலி பற்றியது. வந்த விருந்தாளி ஆறடிக்கு மேல் உயரம். நம்முடையவர் குள்ளம். இருவரும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்தால் போட்டோவில் நம் தேசம் தாழ்ந்து தெரியுமோ என்று யாருக்கோ கவலை வந்திருக்கிறது. நம்மவர் நாற்காலியை உயர்த்தினால் விருந்தாளிக்கு அவமரியாதை ஆகிவிடுமோ என்று இன்னொருவருக்குக் கவலை. இங்கிருந்து வேலூருக்கு, வேலூரிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து டெல்லிக்கு, திரும்ப அதே வழியில், கடிதம் மேல் கடிதம். கடைசியில் ஒரு தச்சர், துணி போர்த்தினால் வெளியே தெரியாதபடி நம்மவர் நாற்காலிக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்துவிட்டார்.

தணிகாசலம் அந்தக் கடைசிக் கடிதத்தைச் சத்தமாக வாசித்து முடித்துவிட்டு, கைக்குட்டையை அவிழ்த்தார். "ரெண்டு தேசத்துக்கு நடுவுல சமாதானம் ஆனது ரெண்டு இன்ச்சு கட்டையாலதான் மேடம். கம்மியும் இல்ல, ஜாஸ்தியும் இல்ல."

ரத்தான நாள்

ஒரு குளிர்காலத்தில் டெல்லிக் காப்பகத்தில் இரண்டு மாதம் இருந்தோம். எனக்கு இந்தி தெரியாது, குளிரும் பழக்கமில்லை. கையுறை போட்டால் பக்கம் புரட்ட முடியாது, கழற்றினால் விரல் மடங்காது. ஆனால் நாங்கள் தேடியது அங்கேதான் இருந்தது. தலைவரின் தினசரிக் குறிப்பேடு. காலை ஐந்தரைக்குக் காபி, ஆறுக்குத் தோட்டத்தில் நடை, எட்டுக்குக் கடிதங்கள், பத்திலிருந்து சந்திப்புகள். அன்று புரட்டிய பக்கங்களில் எல்லாம் முதல் வரி ஐந்தரைக் காபிதான். அப்பாவுக்கு அன்றே ஒரு இன்லேண்ட் லெட்டர் எழுதிப் போட்டேன்.

அதில் ஒரு நாள் மட்டும், மூன்று நாட்டுத் தூதர்களின் சந்திப்புகள் சிவப்புப் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் "உத்தரவுப்படி ரத்து" என்று மட்டும் இருந்தது. இங்கிரீட்டம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த மூன்று நாடுகளுக்கும் நடுவில் அப்போது ஒரு பிரச்சினை இருந்ததாம். தலைவர் ரகசியமாக ஏதோ முடிவெடுத்த நாள் அது என்று மூன்று பக்கம் எழுதிவிட்டார். எனக்கு அவ்வளவு பெரிய யோசனையெல்லாம் வராது. அன்றைக்கு அவர் எங்கே போனார் என்று மட்டும் பார்ப்போமே என்று, மாளிகை வண்டிகளின் பயணப் பதிவேட்டைச் சீட்டு எழுதிக் கேட்டேன். ஒன்பது நாள் கழித்து வந்தது. அந்தத் தேதியில் தலைவரின் வண்டி ஒரே ஒரு இடத்துக்குத்தான் போயிருந்தது. ஆற்றங்கரைச் சுடுகாடு.

பணியாளர் பதிவேட்டையும் கேட்டு வாங்கினோம். முந்தின நாள், சமையற்கட்டில் இருந்த ஒருவர் இறந்திருக்கிறார். தலைவர் அந்த மாளிகைக்கு வருவதற்கு வெகுநாள் முன்பிருந்தே அவர் வீட்டில் சமைத்தவர். மறுபடி தினசரிக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த நாளுக்குப் பிறகு ஐந்தரைக் காபி என்ற வரி இல்லை. காபி ஆறேகாலுக்கு மாறியிருந்தது, கடைசிவரை அப்படியே இருந்தது. இங்கிரீட்டம்மா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு தன் நோட்டிலிருந்து மூன்று தாள்களை நிதானமாகக் கிழித்தார். "பரவாயில்லை சுமதி. இத்தனை வருஷமா இவரைப் பத்தி எழுதறேன், இன்னைக்குத்தான் இவரை எனக்குப் பிடிச்சிருக்கு."

பதினேழு நிமிஷம்

டெல்லிக் குறிப்பேட்டில் திருவண்ணாமலை வந்த நாளும் இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் அதை எங்கள் ஊர் ஃபைலோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். அன்று சாயங்காலம் இரண்டு தலைவர்களும் மலையைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார்கள். அப்போது அது கல்லும் மண்ணுமான பாதை. பெரிய கார் போகாது என்று உள்ளூர் ஜீப் ஒன்றில் ஏற்றி அனுப்பினார்கள். பின்னால் காவலுக்கு இன்னொரு ஜீப், அவ்வளவுதான். அதிகாரிகள் எல்லோரும் பயணியர் மாளிகையில் டீயோடு காத்திருந்தார்கள். ஜீப் பதினேழு நிமிஷம் தாமதமாக வந்திருக்கிறது.

தாமதத்தின் காரணம் ஃபைலின் பின்பகுதியில் இருந்தது. ஜீப் டிரைவர் முனுசாமி என்பவரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். "வண்டி நின்றுவிட்டது. மன்னிக்கவும்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மறுநாள் பட்டறையில் சோதித்தால் வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. மறுபடி விளக்கம் கேட்டார்கள். மறுபடி அதே வரி. மூன்றாவது தடவையும் அதே வரி. கவனக்குறைவு, பொய்த் தகவல் என்று இரண்டு குற்றமும் சுமத்தி, டிரைவர் வேலையிலிருந்து இறக்கி அவரைப் பியூனாக ஆக்கிவிட்டார்கள். அந்த உத்தரவின் நகலோடு ஃபைல் முடிகிறது.

மனுஷன் உயிரோடு இருக்கிறாரா என்று தணிகாசலத்திடம் கேட்டேன். ஓய்வு பெற்றவர்கள் இரண்டு பேரிடம் விசாரித்து விலாசமே வாங்கிக் கொடுத்துவிட்டார். வேட்டவலம் ரோட்டில் ஓட்டு வீடு. அறுபத்தைந்து வயது இருக்கும், ஒல்லியாக, சட்டைப் பொத்தானை எல்லாம் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பெயரைச் சொல்லி, ஃபைலில் அவர் விளக்கக் கடிதங்களைப் பார்த்தேன் என்று ஆரம்பித்ததுதான் தாமதம், எழுந்து நின்றுவிட்டார். "வண்டி நின்னு போச்சும்மா. அப்பவே எழுதிக் குடுத்துட்டேன். இன்னுமா அந்த என்கொயரி முடியல?"

மல்லாட்டைக் கொல்லை

நான் அரசாங்கத்து ஆள் இல்லை என்று அவரை நம்பவைக்க மூன்று தடவை போக வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அவர் மனைவி பச்சையம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். முனுசாமி தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பேர்.

"வண்டி நிக்கலம்மா. நல்லா ஓடிக்கினு இருந்துச்சு. மலைக்கு அந்தாண்ட மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தாங்க. நம்ம தலைவரு தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னாரு. ரெண்டு பேரும் எறங்கி வரப்புல போய் உக்காந்துட்டாங்க. கூட மொழி சொல்ற ஆளு ஒருத்தரு, அவ்வளவுதான். பொம்பளைங்க ஒரு கொத்து மல்லாட்டை குடுத்தாங்க. மண்ணைத் தட்டித் தட்டித் தின்னுக்கினே பேசினாங்க. அந்த நெட்டை மனுஷன் மொதல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கினு இருந்தாரு. அப்புறம் சிரிச்சாரு."

எழுந்து வரும்போது, பின் ஜீப்பில் இருந்த தமிழ் தெரிந்த ராணுவ அதிகாரியைத் தலைவர் கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார். அந்த அதிகாரி முனுசாமியிடம், "இங்கே நின்னது வெளியே தெரியக் கூடாது. கேட்டா வண்டிக் கோளாறுன்னு சொல்லிடு. ஐயா உன்னைக் கேட்டுக்கறாரு," என்றிருக்கிறார். தலைவர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அன்றைக்கே எல்லோரும் டெல்லிக்குப் போய்விட்டார்கள். பின்னால் இங்கே ஒரு டிரைவருக்கு என்ன ஆயிற்று என்று அங்கே யாருக்கும் தெரியாது.

"நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா டிரைவர் வேலை போயிருக்காதே ஐயா," என்றேன். வீட்டிலாவது சொன்னீர்களா என்றும் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். பியூன் ஆன பிறகு, அதே ஜீப் வாசலில் வந்து நிற்கும்போது கதவைத் திறந்துவிடுகிற வேலை அவருடையதாக இருந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. தெருவில் பச்சையம்மாள் வருவது தெரிந்ததும் அவசரமாக என் நோட்டைக் காட்டிச் சொன்னார்: "இதையெல்லாம் எழுதிடாதம்மா. அவரு கேட்டாரு, நான் சரினுட்டேன்."

யாருக்கு வேலை

நான் எழுதவில்லை. இங்கிரீட்டம்மா கேட்டபோது, "வண்டி நின்று போச்சு என்றுதான் சொல்கிறார்," என்றேன். முதல் நாள் அவர் சொன்னது அதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் இங்கிரீட்டம்மா முப்பது வருஷமாகக் காகிதங்களில் பொய்யைக் கண்டுபிடித்தவர். என் முகம் எம்மாத்திரம்? அந்த வருகைக்கு அடுத்த மாதம், எங்கோ ஒரு துறைமுகத்தில் இரண்டு வருஷமாகப் பிடித்துவைத்திருந்த ஒரு இந்தியக் கப்பலின் ஆட்களை விருந்தாளியின் நாடு திடீரென்று விடுவித்திருக்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவர் புத்தகத்தின் மையமே அந்தக் கேள்விதான். பதில் அந்தப் பதினேழு நிமிஷத்தில் இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நாலு நாள் தொடர்ந்து கேட்டார். நாலு நாளும் அதையே சொன்னேன். எனக்கு வேறு வேலை இல்லை, இது போனால் மறுபடி டைப்பிங் கடைதான் என்பதும் எனக்குத் தெரியும். ஐந்தாவது நாள் அவர் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். ஊருக்குக் கிளம்புவதாக முன்பே சொல்லவில்லை. மாடிப்படியில் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "நீ யாருக்கு வேலை செய்யற சுமதி? எனக்கா, அந்த டிரைவருக்கா?"

பச்சையம்மாள்

ஒன்றரை வருஷம் ஒரு கடிதமும் இல்லை. நான் டைப்பிங் கடைக்கே திரும்பிவிட்டேன். அதற்குள் கடையில் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒரு நாள் தடிமனான உறை ஒன்று வந்தது. விருந்தாளியின் நாட்டில் முப்பது வருஷம் ஆன ரகசியக் காகிதங்களைத் திறந்துவிடுவார்களாம். இங்கிரீட்டம்மா அங்கே போய், மொழிபெயர்ப்பாளராக வந்தவர் அன்றிரவே எழுதிவைத்த குறிப்பைக் கண்டுபிடித்திருந்தார். நகலும், இங்கிலீஷில் அதன் பொருளும் இருந்தன. முதல் பத்து நிமிஷம் இருவரும் முழங்கால் வலி பற்றியும், மண்ணுக்குள்ளே காய்க்கிற கடலை பற்றியும் பேசியிருக்கிறார்கள். பிறகு நம்மவர், கப்பலில் இருக்கிறவர்களின் அம்மாக்கள் தனக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கேள்வியாகவோ கோரிக்கையாகவோ ஒன்றும் இல்லை, சொன்னார், அவ்வளவுதான். விருந்தாளி, ஊருக்குப் போனதும் விட்டுவிடுகிறேன், ஆனால் இந்தியா கேட்டு நான் கொடுத்ததாக இருக்கக் கூடாது என்றாராம். குறிப்பின் கடைசி வரி: "இந்தச் சந்திப்பே நடக்கவில்லை என்று காட்டுவதற்காக, வாகனம் பழுது என்று கூறும்படி ஓட்டுநர் கேட்டுக்கொள்ளப்பட்டார்." உறைக்குள் இங்கிரீட்டம்மாவின் சின்னச் சீட்டும் இருந்தது. அன்று படியில் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார்.

அன்று மத்தியானமே வேட்டவலம் ரோட்டுக்குப் போனேன். பச்சையம்மாள் இருந்தார். இந்தத் தடவை அவர் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். "ஐயா, நீங்க யார்கிட்டயும் சொல்லல. அந்த நாட்டுக்காரங்களே எழுதி வச்சுட்டாங்க," என்று சொல்லிவிட்டு வரி வரியாகத் தமிழில் வாசித்தேன். முனுசாமி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கப்பலில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். நாற்பதுக்கு மேல் என்றேன். "எல்லாரும் வீடு போய்ச் சேந்தாங்களா?" என்றார். சேர்ந்தார்கள் என்றேன். "அப்ப வண்டி நின்னது நல்லதுக்குத்தான்," என்றார்.

பச்சையம்மாள் அதுவரை சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான மறுவருஷம் புருஷன் பியூன் ஆனதை ஊரெல்லாம் சொல்லிக் காட்டியதைக் கேட்டவர் அவர். கணவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்றுகூடச் சொந்தக்காரர்கள் பேசியிருக்கிறார்கள். அவர் வந்து கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கையால் அவரை ஒரு இடி இடித்தார். கண் நிறைந்திருந்தது. "முப்பது வருஷமா வண்டியைப் பாத்து ஓட்டத் தெரியாத ஆளுன்னு உன்னைத் திட்டிக்கினே இருந்தேனே. ஒரு தடவ வாயைத் தொறந்து என்னாண்டயாவது சொல்லக் கூடாதா?"

பதிவில் இல்லை

புத்தகம் வெளிவந்தது. முனுசாமியின் பெயர் அடிக்குறிப்பில் இல்லை, பக்கத்தின் நடுவிலேயே இருந்தது. அவர் சம்மதம் கேட்டுத்தான் போட்டோம். அத்தோடு விட எனக்கு மனமில்லை. தணிகாசலமும் நானும் உட்கார்ந்து, அந்தக் குறிப்பின் நகலையும் வைத்து, முனுசாமி மேல் இருந்த தண்டனையை ரத்து செய்யும்படி ஒரு மனு எழுதினோம். முனுசாமி, "எனக்கு ஒண்ணும் வேணாம், டிரைவர்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்," என்றார். மனு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய்க்கொண்டே இருந்தது. நான் வேங்கிக்காலுக்குப் பஸ் ஏறி ஏறி இறங்கினேன். அந்தப் பஸ்ஸில் உங்களில் சிலரைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்துப் பதில் வந்தது. இந்த மாதிரித் தண்டனைப் பதிவேடுகளைக் குறிப்பிட்ட வருஷங்களுக்குப் பிறகு அழித்துவிடுவது விதியாம். மேற்படி பதிவேடு விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டது, ஆகவே மனுதாரர் மீது தண்டனை எதுவும் பதிவில் காணப்படவில்லை, ஆகவே ரத்து செய்ய ஏதுமில்லை என்று எழுதியிருந்தார்கள். ரெக்கார்டு ரூம் ஃபைலில் அந்த உத்தரவின் நகல் இருக்கிறதே என்றேன். அது வருகை ஃபைல், தண்டனை ஃபைல் இல்லை என்றார்கள். வெளியே வரும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. தணிகாசலம் மட்டும் அந்தப் பதிலை மடித்துக் கையில் கொடுத்து, "எதுக்கும் அவராண்ட ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க மேடம்," என்றார்.

வாசித்துக் காட்டினேன். முனுசாமி, "அந்த நடு வரியை இன்னொரு தடவ படிம்மா," என்றார். படித்தேன். மனுதாரர் மீது தண்டனை எதுவும் பதிவில் காணப்படவில்லை. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, அந்த வரியைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்தார்: "பச்சையம்மா, இங்க வந்து பாரு. நான் தப்பே பண்ணலைனு கவர்மென்ட்டே எழுதிக் குடுத்துட்டான்."

நான் திருத்தவில்லை. ஒரு மனுஷனை மன்னிப்பதற்கு அரசாங்கத்துக்குத் தெரிந்த ஒரே வழி, அவனைத் தண்டித்ததை மறந்துவிடுவதுதான் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷமும் இரண்டு பெட்டி பென்சிலும் ஆனது.